நின்றால் சூடு, ஓடினால் குளிர்: கார் ஏசி கண்டென்சர் கேள்வி–பதில்

கோடை தொடங்கியதும் கார் ஏசி பற்றிய கேள்விகள் குவிகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே பாகத்தில் போய் நிற்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் கண்டென்சருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கார் ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. கேஸ் குறைந்திருக்கும் என்று இரண்டு முறை ஏற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

இனி கேஸ் ஏற்றாதீர்கள். ஏற்றியதே இப்போது பாதிப் பிரச்சினையாக இருக்கலாம்.

கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் அலுமினியப் பலகைதான் கண்டென்சர். கம்ப்ரெசர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ் இதன் மேல்பக்கம் நுழைந்து, வெளிக்காற்றில் சூட்டை இறக்கிவிட்டு, கீழே திரவமாக வெளியேற வேண்டும். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், கார் ஏசியில் வழக்கமாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 55 முதல் 60 டிகிரியில் திரவமாகும். அப்போது ஹை சைடு கேஜில், அதாவது கம்ப்ரெசர் அழுத்தி அனுப்பும் பக்கத்து அழுத்தமானியில், 200 முதல் 230 பி.எஸ்.ஐ வரை காட்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இந்த வேலையைச் செய்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேன் மந்தமானாலோ, காற்று போகும் வழி அடைபட்டாலோ அழுத்தம் 300, 350 என்று ஏறும். கேஸ் முழுதாகத் திரவமாகாமலே, காருக்குள் குளிர் தரும் கூலிங் காயிலுக்குப் போகும். சுமார் 450 பி.எஸ்.ஐ-யைத் தொட்டால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரெசரையே நிறுத்திவிடும்.

இந்த நிலையில் கூடுதல் கேஸ் ஏற்றினால், மிஞ்சிய திரவம் கண்டென்சரின் அடிவரிசைக் குழாய்களில் தேங்கும். சூடு இறக்கக் கிடைக்கும் இடம் சுருங்கும். அழுத்தம் இன்னும் ஏறும்.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஏசியைப் போட்டு, ஃபேன் சுற்றும்போது ஒரு ஏ4 தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கினால் காற்று போதவில்லை. வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டார் மாற்றும்போது கனெக்டரில் வயர் மாறிவிட்டால் இப்படி நடக்கும். இரண்டாவது சோதனை: குளிர் விட்டுப்போன நேரத்தில் கிரில் வழியாக ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் திரும்பினால் கோளாறு காற்றோட்டத்தில்தான், கம்ப்ரெசர் தப்பித்தது.

ஃபேனில் வழக்கமாகப் போவது இவைதான்: மோட்டார் பிரஷ் தேய்வது, லோ ஸ்பீடுக்கான ரெசிஸ்டர் எரிவது, கனெக்டர் பின் உருகுவது. ரெசிஸ்டர் எரிந்த வண்டியில் எஞ்சின் மிகவும் சூடானால் மட்டும் ஹை ஸ்பீடு வரும். அதைப் பார்த்துவிட்டு “ஃபேன் நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சுத் தூசி. கண்டென்சரின் முன்முகம் சுத்தமாகத் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரலிடைச் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பளித் துண்டு போல ஒரு படலம் ஒட்டியிருக்கலாம். ஏசி போட்டதும் எஞ்சின் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதென்றால் அந்தப் படலம் இருப்பது அநேகமாக உறுதி.

இதெல்லாம் சரியான பிறகு, இருக்கும் கேஸை மெஷினில் முழுதாக எடுக்கச் சொல்லி, எத்தனை கிராம் வந்தது என்று கேளுங்கள். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் அளவை மட்டும் எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்டென்சரை நானே கழுவலாமா? வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தால் போதாதா?
– வாசகர், தூத்துக்குடி

நீங்களே கழுவலாம். பிரஷர் கன் மட்டும் வேண்டாம். கண்டென்சர் குழாய்களுக்கிடையே உள்ள மெல்லிய அலுமினியத் தகடுதான் ஃபின். ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். நேராக அடித்தாலே தாங்குவது சந்தேகம். கன்னைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு வீச்சில் வரிசை வரிசையாக மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் காற்று போகாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும். அதனால் ஃபேன் கனெக்டரையோ ஃபியூஸையோ கழற்றிவிட்டுக் கை வையுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை எடுத்தால் கண்டென்சரின் மேல்விளிம்பு தெரியும். முதலில் தோட்டக் குழாயால் முழுதும் நனையுங்கள். 10 லிட்டர் வாளியில் ஒரு மூடி கார் ஷாம்பு கலந்து, மென்மையான நைலான் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தேயுங்கள். இன்றைய கண்டென்சர்களில் குழாய்கள் கிடையாக ஓடுகின்றன, ஃபின்கள் அவற்றுக்கிடையே மேலும் கீழுமாக நிற்கின்றன. குறுக்கே தேய்த்தால் ஃபின் சாயும். 10 நிமிடம் ஊறவிட்டு, கீழே வடியும் நீர் தெளியும்வரை அலசுங்கள்.

வழி இருந்தால் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விடுவது நல்லது. அழுக்கு வந்த வழியே திரும்பும். பல கார்களில் ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் போல்ட் இரண்டைக் கழற்றினால் அதை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பின்னால் சாய்க்கலாம். அந்தச் சந்தில் மெல்லிய ஹோஸை விட்டு அலசலாம். ஹோஸையும் பைப்பையும் இழுக்கும் அளவுக்குச் சாய்க்காதீர்கள்.

வீட்டு ஏசிக்கு விற்கும் காஸ்டிக் கலந்த காயில் கிளீனரைத் தொடவே வேண்டாம். நுரை பொங்கும்போது அழுக்கு கரைவதாகத் தோன்றும். அலுமினியமும் சேர்ந்துதான் கரைகிறது. ஆசிடும் அப்படியே.

உப்புக் காற்று உள்ள ஊர்களில் மாதம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரில் அலசினாலே கண்டென்சரின் ஆயுள் கூடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது உதவாது. மற்ற ஊர்களில் கோடைக்கு முன் ஒருமுறை, வடகிழக்கு மழை முடிந்ததும் ஒருமுறை போதும். மடங்கிய ஃபின்களை ஃபின் சீப்பாலோ மெல்லிய பிளாஸ்டிக் துண்டாலோ நிமிர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவினால் குழாய் ஓட்டையாகிவிடும்.

விரல் பட்டதும் ஃபின் மாவாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை. குழாயிலிருந்து ஃபின் விட்டுப்போய்விட்டது. சூடு வெளியேற வழியில்லை. மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ஆண்டுதோறும் ஏப்ரலில் கேஸ் டாப்-அப் செய்கிறேன். இது வழக்கமான பராமரிப்புதானே?
– வாசகர், மதுரை

இல்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருளல்ல. மூடிய வழியில் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அதனால் குளிர் குறைய பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரு வருடத்தில் தீர்ந்தால் லீக் இருக்கிறது. கேஸோடு ஆயிலும் போகிறது. ஆயில் குறைந்தால் கம்ப்ரெசர் தேய்கிறது. டாப்-அப்புக்குக் கொடுக்கும் காசைவிட அந்தக் கம்ப்ரெசர் பல மடங்கு விலை.

லீக் எங்கே என்று கண்ணாலேயே பாதி தெரியும். கண்டென்சரின் கீழ்விளிம்பு, பக்கத் தொட்டியில் குழாய் சேரும் இடம், பிராக்கெட் உரசும் இடம், கல் பட்ட இடம் ஆகியவற்றில் எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் அதுதான் லீக். தெரியாவிட்டால் யுவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி விளக்கில் பார்க்க வேண்டும். உறுதியான வழி நைட்ரஜன்: ரெகுலேட்டர் வைத்து 150 முதல் 200 பி.எஸ்.ஐ வரை ஏற்றி, சோப்பு நுரை தடவினால் ஓட்டை குமிழ் விடும். சிலர் டயர் கம்ப்ரெசர் காற்றை அடிப்பார்கள். அதில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜன் அடித்தால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு.

சர்வீஸ் வால்வு இரண்டின் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி, உள்ளே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உள்ள சிறிய பின் வால்வு கசிந்தால் ஆகும் செலவு மிகக் குறைவு. அதைப் பார்க்காமல் கண்டென்சரையே மாற்றிவிடுவதுண்டு.

கேள்வி: கல் பட்டு கண்டென்சரில் ஊசி ஓட்டை. வெல்டிங் வைக்கலாம் என்கிறார் ஒருவர், லீக் அடைக்கும் மருந்து ஊற்றலாம் என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், நாமக்கல்

இரண்டும் வேண்டாம். கம்ப்ரெசரிலிருந்து வரும் அலுமினியப் பைப்பில் ஓட்டை என்றால் நல்ல ஆர்கான் வெல்டர் அடைத்துவிடுவார். கண்டென்சர் குழாய் அப்படியல்ல. தட்டையான அந்தக் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் அளவில் பல நுண்வழிகள் இருக்கின்றன. வெல்டிங் சூட்டில் அவை உருகி அடைபடும். பக்கத்தில் குழாயையும் ஃபினையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பிரேஸிங் பற்றவைப்பும் விட்டுப்போகும். லீக் மருந்து ஈரம் பட்டால் இறுகும் பொருள். கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் இறுகினால் இன்னொரு செலவு. கேஸ் எடுக்கும் மெஷினையும் அது கெடுக்கும் என்பதால், மருந்து ஊற்றிய வண்டியைத் தொடவே பல ஒர்க்‌ஷாப்கள் மறுக்கும்.

கேள்வி: கண்டென்சர் மாற்றக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

நல்ல கேள்வி. புதுக் கண்டென்சர் மாட்டியும் குளிராத வண்டிகளில் தவறு பெரும்பாலும் மாட்டிய முறையில்தான் இருக்கிறது.

முதலில் கேஸை மெஷினால் எடுக்க வேண்டும். வால்வை அழுத்திக் காற்றில் விடக் கூடாது. ஆர்-134ஏ, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு புவியைச் சூடாக்குவது. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் ஒப்பந்தம் போட்டு உலக நாடுகள் குறைக்க முடிவெடுத்த வாயுக்களில் இதுவும் ஒன்று; இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. தவிர, எடுத்த கேஸின் எடைதான் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று சொல்லும் முதல் தகவல்.

பைப் பிளாக்கைப் பிடித்திருக்கும் போல்ட் பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பானருடையது. கடலோர வண்டிகளில் உப்பால் இறுகியிருக்கும். துரு நீக்கும் ஆயில் விட்டுக் காத்திருந்து, பைப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு திருப்ப வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் பைப் முறுக்கிக்கொள்ளும். கழன்ற உடனே பைப்பின் இரு வாய்களையும் மூடியோ டேப்போ கொண்டு அடைக்கிறார்களா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பேக் (PAG) ஆயில், அதாவது கம்ப்ரெசருக்கான செயற்கை ஆயில், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டீ குடித்துவிட்டு வரும் நேரம் திறந்து கிடந்தாலும் ஈரம் ஏறும். பிற்பாடு அது அமிலமாகி அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும்.

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிராக்கெட் இடம், பைப் வாய், பிரஷர் சுவிட்ச் திருகும் இடம் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். சிஸ்டத்தின் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையர் கண்டென்சரின் பக்கத்திலேயே சேர்ந்திருந்தால் புதியதோடு வந்துவிடும். தனியாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். திறந்த சிஸ்டத்தில் பழைய டிரையரை மறுபடி போடுவது காசை மிச்சம் பிடிக்கும் இடமல்ல.

பழைய கண்டென்சரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம் பட்டைகள் குப்பைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அலங்காரமல்ல. அவை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று ஓரமாகச் சுற்றி மறுபடி கண்டென்சருக்கு முன்னால் வரும். ஐடிலில் குளிர் குறையும்.

அடுத்தது ஆயில். பழைய கண்டென்சரைச் சாய்த்து வடித்து, அளவுக் குப்பியில் எவ்வளவு வந்தது என்று பார்த்து, அதே அளவு புது ஆயிலைப் புதியதில் விட வேண்டும். வடியாவிட்டால் கம்பெனி மேனுவல் சொல்லும் அளவு. சிறிய கார்களில் அது பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிக்குள் இருக்கும். கம்ப்ரெசர் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வகை ஆயிலே வேண்டும். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரெசருக்குள் உயர் மின்னழுத்த மோட்டார் இருப்பதால் அவற்றுக்குத் தனி ஆயில். அதில் பேக் ஆயில் கலந்தால் மின்காப்புப் போய்விடும்.

ஓ-ரிங்குகள் புதியவையாக இருக்கட்டும். ஆர்-134ஏ-க்கான எச்என்பிஆர் ரப்பர் வளையங்கள் பெரும்பாலும் பச்சையாக இருக்கும். கடையில் கிடைக்கும் பொது ரப்பர் வளையம் வீங்கிக் கெட்டுவிடும். மாட்டுமுன் கம்ப்ரெசர் ஆயிலைத் தடவ வேண்டும், கிரீஸ் கூடாது. பைப் பிளாக்கின் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அலுமினிய மறை அதற்குமேல் தாங்காது.

பிறகு வேக்கம்: உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. இங்கேதான் அவசரப்படுவார்கள். பம்பை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் காற்றுதான் போகும், ஈரம் போகாது. 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக, கேஜ் குறைந்தது 28.7 இன்ச் வேக்கத்தைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். குறைந்தது 30 நிமிடம் ஓடட்டும். மழைக்காலமானால் 45. பம்பை நிறுத்தி 10, 15 நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். முள் நின்றாலும் சிறிய லீக் இல்லை என்று அர்த்தமாகாது. வேக்கத்தில் வளையங்கள் உள்நோக்கி உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். அதனால் வேக்கத்துக்கு முன்பே நைட்ரஜன் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

கேஸ் ஏற்றும்போது தராசு கட்டாயம். 450 கிராம் பிடிக்கும் வண்டியில் 50 கிராம் கூடினால் அது பத்து சதவீதத்துக்கு மேல். எஞ்சின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது. கம்ப்ரெசரின் அழுத்தம் கேனுக்குள் திரும்பி ஏறி வெடிக்கும். கேனை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம். திரவ கேஸ் தோலில் பட்டால் உறைபனிக் காயம் ஆகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேலை செய்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் 1,500 ஆர்.பி.எம்-ல், ஃபிரெஷ் ஏர் மூடி, புளோயரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் லோ சைடில் (கேஸ் கம்ப்ரெசருக்குத் திரும்பும் பக்கம்) 30 முதல் 45 பி.எஸ்.ஐ, நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டரில் 5 முதல் 10 டிகிரி வந்தால் வேலை சரி.

கேள்வி: கம்ப்ரெசர் ஜாம் ஆகிவிட்டது. கண்டென்சரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கணக்கைக் கூட்டுகிறார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள். கம்ப்ரெசர் உடையும்போது உலோகத் துகளும் கருகிய ஆயிலும் முதலில் போய் நிற்பது கண்டென்சரில். பழைய காலத்து ஒற்றைக் குழாய் கண்டென்சரை ஃபிளஷ் செய்ய முடிந்தது. இப்போதுள்ள நுண்வழிகளில் அடைபட்டவை அப்படியே இருக்க, ஃபிளஷ் திரவம் திறந்திருக்கும் வழிகளில் மட்டும் ஓடிவிடும். மிஞ்சிய துகள் சில வாரங்களில் புதுக் கம்ப்ரெசரையும் தின்னும். பைப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் பசை வந்தால் கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் மாற்ற வேண்டியவை. ஆயில் தெளிவாக வந்தால் அவர்களிடம் காரணம் கேட்கலாம்.

கேள்வி: ஒரிஜினலா, லோக்கலா?
– வாசகர், சேலம்

ஏசி பாகங்கள் செய்வதற்கே பெயர்பெற்ற கம்பெனிகளின் கண்டென்சர், கார் கம்பெனி பெட்டியில் வருவதற்குச் சமமாகவே இருக்கும். பெயரில்லாத மலிவானதில் ஃபின் நெருக்கம் குறைவு, டிரையரில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் குறைவு. கடையிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். எடையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஃபின் வரிசையை நெருக்கத்தில் பாருங்கள். வாய் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நைட்ரஜன் அடைத்து வரும் கண்டென்சர் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று சத்தம் விடும். அப்படி வர வேண்டிய ரகத்தில் சத்தம் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: கல் படாமலிருக்க கிரில்லுக்குள் கொசுவலை அடிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கொசுவலை வேண்டாம். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி ஒரே நாளில் அதை மூடிவிடும். 5, 6 மில்லிமீட்டர் கண் உள்ள அலுமினிய வலையைக் கண்டென்சரைத் தொடாமல், கீழ் கிரில் திறப்புக்கு மட்டும் வைக்கலாம். பெரிய கற்கள் வருவது அந்த வழியாகத்தான். நம்பர் பிளேட்டையும் கூடுதல் விளக்கையும் காற்று வரும் திறப்புக்கு நேராக மாட்டாதீர்கள்.

கேள்வி: கேஸில் கலப்படம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதுக் கார்களில் வேறு கேஸ் வருவதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், சென்னை

ஒரு இரவு முழுவதும் நிழலில் நின்ற வண்டியில், எஞ்சினைப் போடாமல் கேஜ் மாட்டுங்கள். சுத்தமான ஆர்-134ஏ 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114 பி.எஸ்.ஐ காட்டும். கேஜ் இதைவிட நன்றாக மேலே நின்றால் உள்ளே காற்றோ, எல்பிஜி வகை வாயுவோ கலந்திருக்கிறது. எல்பிஜி வகை என்றால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. முழுவதையும் எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, புதிதாக ஏற்ற வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஆர்-134ஏ தடை. அங்கே ஆர்-1234ஒய்எஃப்தான் வழக்கம். நம்மூரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்னும் ஆர்-134ஏ. எதுவென்று பானெட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். புதிய கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது, விலையும் பல மடங்கு. சர்வீஸ் வால்வின் அளவையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அடாப்டர் போட்டுப் பழைய கேஸை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.